தொடர்பறும் வலைக்கமராவும் காரணங்காணும் நெறியும்

கருவியொன்று முற்றாகப் பழுதுற்றால் அதன் குறையைக் கண்டுபிடித்தல் எளிது. இடையிடையே பழுதுற்று இடையிடையே நன்கு இயங்குங் கருவியின் குறையைக் காண்டலே அரிது. முன்னையது எப்பொழுது நோக்கினும் தன் குறையைக் காட்டி நிற்கும். பின்னையதோ, ஆராய்வோன் அருகில் வரும்போது நலமுற்றிருந்து, அவன் அகன்றபின் மீண்டுங் கெடும். யூ.எஸ்.பி. என்னும் இணைப்பு வடத்தினாற் கணினியோடு பொருத்தப்படும் வலைக்கமரா அடிக்கடி தொடர்பற்றுப் போதல் இவ்விரண்டாம் வகைக் குறையாகும். அதன் இயல்பையும், அதற்குக் காரணங்காணும் நெறியையும், மட்டக்களப்பு வாவிப் பிரதேசத்தின் காற்றோடும் மின்சார நிலையோடும் பொருத்தி விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இது சிறு பொருளெனச் சிலர் கருதக்கூடும். மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு, நிலத்தை எழுவான்கரை, படுவான்கரை என இரண்டாக்கிக் கிடக்கின்றது. மண்முனையிற் பாலம் திறக்கப்பட்ட 2014ஆம் ஆண்டுவரை அத்துறையைக் கடந்தோர் பாதையையே நம்பியிருந்தனர். பாலங்கள் வந்த பின்னரும், கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஆசிரியர் கிடைத்தல் இரு கரைக்கும் ஒப்ப அமையவில்லை. 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திற் பெருந்தொற்றினால் இலங்கைப் பாடசாலைகள் மூடப்பட்டபோதும், 2022ஆம் ஆண்டில் எரிபொருட் பஞ்சத்தினால் ஆசிரியரும் மாணவரும் பயணஞ்செய்ய இயலாதிருந்தபோதும், கற்பித்தலை ஓரளவேனுந் தாங்கி நின்றது நிகழ்நிலை வகுப்பேயாகும். அவ்வகுப்பிற் கரும்பலகையைக் காட்டும் ஒரே கண் கமராவாகும். கேத்திரகணித நிறுவலொன்றின் நடுவே அக்கண் மூடுமாயின், மறுகரையிலிருக்கும் மாணவன் இழப்பது சில நிமிடங்களை மட்டுமன்று. நிறுவலின் தொடர்ச்சியையும் இழக்கின்றான்.

பொருளிழப்பும் சிறிதன்று. 2022ஆம் ஆண்டு மார்ச்சுத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியது. இறக்குமதிப் பொருளாகிய கமராவை, உண்மையிற் பழுதுறாதிருக்கவும் பழுதென்று எறிந்து புதிதொன்று வாங்கும் பாடசாலை, தன் பணத்தையும் இழக்கின்றது. பழுது வேறிடத்தில் இருப்பதாற் புதிய கமராவும் தொடர்பறக் கண்டு ஊக்கத்தையும் இழக்கின்றது.

கருவியின் தோற்றம்

வலைக்கமராவின் தோற்றம் வியப்புக்குரியது. 1991ஆம் ஆண்டிற் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வுகூடத்தார், வேறோர் அறையிலிருந்த கோப்பிப் பாத்திரத்திற் கோப்பி உளதோ இலதோ என்பதை இருந்த இடத்திலிருந்தே அறிதற்பொருட்டு ஒரு கமராவை அதன்முன் நிறுத்தினர். 1993இல் அப்படம் உலகளாவிய வலையில் ஏற்றப்பட்டது. 2001இல் அக்கமரா நிறுத்தப்பட்டது. விலைக்கு வந்த முதல் வலைக்கமராக்களுள் ஒன்றாகிய ‘குவிக்காம்’ 1994இல் வெளியாயிற்று.

அக்காலத்திற் கணினியோடு பொருத்தப்படும் ஒவ்வொரு கருவிக்கும் வெவ்வேறு செருகி இருந்தது. இக்குழப்பத்தை நீக்கும்பொருட்டு ஏழு நிறுவனங்கள் கூடி வகுத்த பொது இணைப்பே யூ.எஸ்.பி. ஆகும். அதன் முதல் நியமம் 1996இல் வெளிவந்தது. இப்பணியில் முன்னின்றவருள் ஒருவர், பரோடாவிற் கல்வி கற்று அமெரிக்காவின் இன்டெல் நிறுவனத்திற் பணியாற்றிய அஜய் பட் என்பவர். 2000ஆம் ஆண்டு வெளிவந்த இரண்டாம் நியமம், செக்கனுக்கு 480 மெகாபிற்று வேகத்தைத் தந்தது. இன்றைய வலைக்கமராக்களுட் பெரும்பாலானவை அவ்வேகத்திலேயே இயங்குகின்றன. கமராக்களுக்கெனப் பொது விதிமுறையொன்று 2003இல் வகுக்கப்பட்டமையால், ஒவ்வொரு கமராவுக்கும் தனித்தனி இயக்கி மென்பொருள் தேடும் தொல்லையும் பெரிதும் நீங்கிற்று.

இணைப்பும் துண்டிப்பும்

இரண்டாம் நியமத்துக்குரிய செருகியினுள் நான்கு உலோகத் தகடுகள் உள்ளன. வெளிப்புறத்து இரண்டும் 5 வோல்ற்று மின்வலுவைக் கொண்டுசெல்வன. உட்புறத்து இரண்டும் செய்தியைக் கொண்டுசெல்வன. வெளிப்புறத்தவை சற்று நீண்டனவாக அமைக்கப்பட்டிருத்தலைக் கூர்ந்து நோக்குவோர் காண்பர். செருகும்போது மின்வலு முந்தியும் செய்தி பிந்தியுஞ் சேர்தற்கே அவ்வமைப்பு ஏற்பட்டது.

மின்வலு பெற்ற கமரா, 1,500 ஓம் தடையொன்றின் வழியே ஒரு செய்திக் கம்பியின் அழுத்தத்தை உயர்த்தும். அதனாற் புதிய கருவியொன்று வந்துள்ளதெனக் கணினி அறியும். அப்பொழுது கமராவின் முகவரி 0 ஆகும். கணினி அதனை வினாவி, அஃது இன்ன கருவியென்று அறிந்து, 1 முதல் 127 வரையுள்ள எண்களுள் ஒன்றை அதற்கு முகவரியாக வழங்கும். தனக்கு எவ்வளவு மின்னோட்டம் வேண்டுமென்பதையும் கமரா அப்பொழுது அறிவிக்கும். அதுவரை 100 மில்லி அம்பியருக்கு மேற் கொள்ள அதற்கு உரிமையில்லை. கணினி இசைந்தபின் 500 மில்லி அம்பியர் வரை கொள்ளலாம்.

துண்டிப்பை அறிதற்கும் ஏற்பாடு உண்டு. அதிவேக இணைப்பிற் செக்கனுக்கு 8,000 முறை கணினி ஒரு காலக்குறியை அனுப்புகின்றது. மறுமுனையிற் கமரா இல்லையாயின், அச்சைகை முட்டித் திரும்பிக் கம்பியின் அழுத்தத்தைப் பெருக்கும். அப்பெருக்கத்தைக் கண்டவுடன் கருவி அகன்றுவிட்டதெனக் கணினி முடிவு செய்து, வழங்கிய முகவரியை நீக்கிவிடும். செருகி தளர்ந்து இமைப்பொழுதினும் மிகக் குறைந்த நேரம் தொடர்பு விட்டாலும் இது நிகழலாம். பின்னர்த் தொடர்பு கூடினாலும், முன்னிருந்த கமரா திரும்பியதாகக் கணினி கொள்வதில்லை. புதிய கருவி வந்ததாகக் கொண்டு, வினாவுதலையும் முகவரி வழங்குதலையும் முதலிலிருந்து தொடங்கும். வகுப்பு நடத்தும் மென்பொருளோ பழைய கமராவையே எதிர்நோக்கி நிற்கும். கணப்பொழுதுத் துண்டிப்பு நிமிடக்கணக்கான இருளாய் முடிவதற்குக் காரணம் இதுவே.

மூவகை நிறுத்தம்

காரணங்காணப் புகுமுன், நேர்ந்தது உண்மையான துண்டிப்புத்தானா என்பதைத் தெளிதல் வேண்டும். படம் நின்றது என்னும் ஒரே தோற்றத்தின்கீழ் மூன்று வேறுபட்ட நிகழ்ச்சிகள் அடங்கியிருக்கின்றன.

முதலாவது, இணையத்தின் தளர்ச்சி. மாணவரின் திரையில் ஆசிரியர் உறைந்துபோய்த் தோன்றுவார். ஆசிரியரின் சொந்தத் திரையில் அவர் படம் அசைந்துகொண்டேயிருக்கும். அவ்வாறாயிற் கமராவிலும் வடத்திலும் குறையில்லை.

இரண்டாவது, மென்பொருளின் முரண். ஆசிரியரின் திரையிலும் படம் கறுத்துவிடும் அல்லது உறைந்துவிடும். ஆயினும் ‘டிவைஸ் மனேஜர்’ என்னும் சாதனப் பட்டியலிற் கமராவின் பெயர் நிலைத்திருக்கும். வேறொரு மென்பொருள் கமராவைப் பற்றிக்கொண்டிருத்தலோ, இயக்கி மென்பொருளின் குறையோ இதற்குக் காரணமாகும். 2016ஆம் ஆண்டு ஆகத்து மாதத்தில் வெளியான விண்டோஸ் 10இன் ஆண்டுநிறைவுப் பதிப்பை ஏற்றிய பின்னர்ப் பல வலைக்கமராக்கள் உறைந்துபோயின. கமராக்கள் சுருக்கி அனுப்பும் படத்தை மென்பொருள்கள் நேரே பெறுதற்கு அப்பதிப்பு இடந்தராமையே காரணம். குறை கமராவில் இருக்கவில்லை. புதுக் கமரா வாங்கியவரும் அதனால் நன்மை பெற்றிரார்.

மூன்றாவதே உண்மையான துண்டிப்பு. பட்டியலிற் கமராவின் பெயரே மறைந்துபோம். விண்டோஸ் கணினியாயின், ஒலி அடக்கப்படாதிருந்தாற் கருவி அகன்றதை உணர்த்தும் ஓசையும் எழும். லினக்ஸ் கணினியாயின் அதன் நிகழ்ச்சிக் குறிப்பிற் துண்டிப்பு நேர்ந்த நேரமும் கருவியின் எண்ணும் பதிவாகும். இனி ஆராயப்படுவது இம்மூன்றாவது வகையேயாம்.

மின்வலுக் குறைவு

துண்டிப்பின் காரணங்களுள் முதலில் நோக்கத்தக்கது மின்வலுக் குறைவு. கணினி மேசையில் இருக்கக் கமராவைக் கரும்பலகைக்கு அருகே நிறுத்த வேண்டியிருத்தலின், வகுப்பறைகளில் நீட்டிப்பு வடம் பயன்படுகின்றது. வடம் நீளுந்தோறும் தடையும் வளரும்.

மெல்லிய வடங்களில் மின்வலுவைக் கொண்டுசெல்லும் கம்பி பெரும்பாலும் 28ஆம் இலக்கத்தது, விட்டம் 0.32 மில்லிமீற்றர். செப்பினாலாயின் மீற்றருக்கு ஏறத்தாழ 0.21 ஓம் தடையுடையது. 5 மீற்றர் நீண்ட வடத்தில் மின்னோட்டம் சென்று மீளும் வழி 10 மீற்றராகலின், மொத்தத் தடை 2.1 ஓம் ஆகும். கமரா 400 மில்லி அம்பியர் கொள்வதாயின், ஓமின் விதிப்படி 0.84 வோல்ற்று வடத்திலேயே இழக்கப்படும். கணினி 5 வோல்ற்றுக் கொடுத்தாலும் கமராவை அடைவது 4.16 வோல்ற்றேயாகும். தனி மின்னூட்டமில்லாத கிளைப்பெட்டியின் குதையிற்கூட 4.40 வோல்ற்றுக்குக் குறைதலாகாதென நியமம் விதித்திருக்க, இஃது அதனினுந் தாழ்ந்தது. 0.51 மில்லிமீற்றர் விட்டமுடைய 24ஆம் இலக்கக் கம்பியாயின், அதே நீளத்தில் இழப்பு 0.34 வோல்ற்று மட்டுமே. இலக்கம் குறையக் கம்பி தடிக்கும் என்பதை வடம் வாங்குவோர் நினைவிற் கொள்ளுதல் நன்று. மலிவான வடங்களுட் சில, செப்பு முலாமிட்ட அலுமினியக் கம்பியால் ஆனவை. அவற்றின் தடை இன்னும் மிகுதி.

உன்னிச்சைக் குளத்து நீர் வாய்க்காலின் தலைப்பிலுள்ள வயலுக்கு நிறைந்து பாய்ந்து, கடைக்கோடி வயலுக்குக் குறைந்து சேர்வதை இப்பிரதேசத்து மாணவர் அறிவர். மின்னழுத்தத்தின் நிலையும் அத்தகையதே. குறைந்த அழுத்தத்திலும் கமரா சில வேளை இயங்கும். குவியத்தைத் தானே திருத்தும் சிறு மோட்டர் அசையும்போதோ, படத்தின் அளவு பெருக்கப்படும்போதோ அதற்கு வேண்டிய மின்னோட்டம் கூடும். அழுத்தம் மேலும் வீழும். கமராவினுள்ளிருக்குங் கட்டுப்படுத்தி தன்னை மீளத் தொடங்கிக்கொள்ளும். அதனையே கணினி துண்டிப்பெனக் காண்கின்றது. குறை இடைவிட்டுத் தோன்றுதற்குக் காரணம் இங்ஙனம் விளங்குகின்றது.

‘ஹப்’ எனப்படும் கிளைப்பெட்டியும் ஆராயத்தக்கது. தனி மின்னூட்டமில்லாத கிளைப்பெட்டி, நியமப்படி ஒவ்வொரு குதைக்கும் 100 மில்லி அம்பியரே வழங்கவல்லது. தனி மின்னூட்டமுடையது இக்குறையைத் தீர்க்கும். ஆயினும் மின்வெட்டு நேரத்தில் அவ்வூட்டம் நின்றுவிடும். மடிக்கணினி மின்கலத்தினால் இயங்கிக்கொண்டிருக்கக் கமரா மட்டும் அகன்றுவிடும். 2022ஆம் ஆண்டு மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் தடைப்பட்ட நாட்டில் இதனை மறத்தலாகாது.

மேசைக் கணினியில் முன்புறத்துக் குதைகள் உள்ளே ஒரு சிறு வடத்தினாற் தாய்ப்பலகையோடு இணைக்கப்பட்டவை. பின்புறத்தவை தாய்ப்பலகையிலேயே பொருத்தப்பட்டவை. ஆகலின் முதலிற் பின்புறத்துக் குதையிற் செருகிப் பார்த்தலே முறை.

உப்பும் ஈரமும்

இரண்டாவது காரணம் இப்பிரதேசத்துக்குச் சிறப்பாக உரியது. வாவி, முகத்துவாரங்களின் வழியே கடலோடு கலக்கும் உவர்நீர்ப் பரப்பாகும். கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட எழுவான்கரையில் உப்புத்துகள் கலந்த காற்று ஆண்டு முழுவதும் உலவுகின்றது. கறியுப்பாகிய சோடியங் குளோரைட்டு, காற்றின் சாரீரப்பதன் ஏறத்தாழ 75 வீதத்தைக் கடந்ததும் நீரை ஈர்த்துக் கரைசலாகும். கடலுப்பிற் கலந்திருக்கும் மக்னீசியங் குளோரைட்டோ 33 வீதத்திலேயே ஈரங்கொள்ளத் தொடங்கும். மாரி காலத்தில் உப்புச் சாடி கசிவதை ஒவ்வொரு வீட்டாரும் கண்டிருப்பர். சாடியில் நிகழ்வது செருகியின் தகட்டிலும் நிகழ்கின்றது.

செருகித் தகடுகள் நிக்கலின்மேல் மெல்லிய பொன்முலாம் பூசப்பட்டவை. பொன் அரிப்புறாது. ஆனாற் செருகிக் கழற்றுந்தோறும் அம்முலாம் தேய்கின்றது. வழக்கமான செருகி 1,500 முறை செருகிக் கழற்றுதற்குத் தாங்கவேண்டுமென்பது நியமம். நாள்தோறும் நான்குமுறை கழற்றிச் செருகும் வகுப்பறையில் அவ்வெண்ணிக்கை ஏறத்தாழ ஓராண்டிலேயே நிறைந்துவிடும். முலாம் தேய்ந்த இடத்தில் உப்புநீர் கீழுள்ள உலோகத்தை அரித்து, மின்னைக் கடத்தாத மாசுப்படலத்தை உண்டாக்கும். புதிய தகட்டின் தொடுகைத் தடை 0.03 ஓமுக்கு மேற்படலாகாது. அரிப்பினால் அது 1 ஓமாக உயர்ந்தால், முன்கண்ட 400 மில்லி அம்பியர் கணக்கின்படி மேலும் 0.4 வோல்ற்று இழக்கப்படும். மின்வலுக் குறைவும் உப்பரிப்பும் இங்ஙனம் ஒன்றையொன்று வளர்ப்பன.

காற்றும் இதற்குத் துணைபோகின்றது. கச்சான் வீசும் மாதங்களிற் சன்னலருகே தொங்கும் வடம் இடையறாது சிறிது சிறிதாக அசையும். அந்நுண்ணசைவு தகடுகளை ஒன்றோடொன்று உரோஞ்சிப் புதிய மாசை உண்டாக்கும். தொடர்பற்ற செருகியைக் கழற்றி மீண்டும் செருகியவுடன் கமரா நன்கு இயங்குவதற்குக் காரணமும் இதுவே. செருகும்போது மாசு சிறிது உரிந்து தொடுகை புதுப்பிக்கப்படுகின்றது. அது தீர்வன்று, நோய் தணிந்த தோற்றமேயாகும்.

கணினியை நிறுத்தி, மின்னிணைப்பை நீக்கி, 90 வீதத்துக்கு மேற்பட்ட ஐசோபுரோப்பைல் அற்ககோலைச் சிறிது நனைத்த நார்படாத துணியினாற் செருகித் தகடுகளைத் துடைத்து, நன்கு உலர்ந்தபின் பொருத்துதல் வேண்டும். அரத்தாளினால் உரோஞ்சுதல் எஞ்சிய பொன்முலாமையும் போக்கிவிடுமாகலின் விலக்கத்தக்கது. வடத்தைச் சன்னற் காற்றிலிருந்து விலக்கி, கமராவின் அருகிலும் கணினியின் அருகிலும் சிறிது தளர்வு விட்டுக் கட்டி, அதன் பாரம் செருகியிற் தங்காதவாறு செய்தல் வேண்டும். பயன்படுத்தாத நாட்களில் மூடியிறுகிய பெட்டியிற் சிலிக்காப் பொதியோடு கமராவை வைத்தல் நலம்.

கணினியின் துயில்

மூன்றாவது காரணம் கணினியின் சிக்கன ஏற்பாடு. பயன்படாத கருவியைத் துயிலச் செய்து மின்வலுவைச் சேமித்தல் யூ.எஸ்.பி. நியமத்திலேயே இடம்பெற்றது. இணைப்பில் 3 மில்லிசெக்கன் நேரம் எவ்விதச் சைகையும் இல்லையாயிற் கருவி துயில்நிலை எய்தி, 2.5 மில்லி அம்பியருக்கு மேற்படாமல் மின்னைக் கொள்ளவேண்டும். மீண்டும் எழுப்பும்போது செவ்வனே எழாத கமராக்களும் உள. அவற்றைத் தொடர்பற்றனவாகக் கணினி கருதும்.

விண்டோஸ் கணினியின் மின்வலு அமைப்பிற் ‘செலக்டிவ் சஸ்பென்ட்’ என்னுந் தெரிவை நிறுத்திவிடலாம். மின்கலத்தில் இயங்குங்காலத்துக்கும் மின்வழங்கலில் இயங்குங்காலத்துக்கும் அத்தெரிவு தனித்தனியாக உண்டு. இரண்டையும் நிறுத்துதல் வேண்டும். ஒன்றை மட்டும் நிறுத்தினோர், மின்வெட்டு வந்தவுடன் கமரா தொடர்பறுவதைக் கண்டு மயங்குவர். பல கணினிகளிற் சாதனப் பட்டியலிலுள்ள ‘ரூட் ஹப்’ என்பதன் மின்வலுப் பகுதியிலும், சிக்கனத்துக்காகக் கருவியை நிறுத்தலாமென்னும் இசைவு குறிக்கப்பட்டிருக்கும். அதனையும் நீக்குதல் தகும்.

அளவை நெறி

காரணங்கள் பலவாகலின், இவற்றுள் எது உரியதென்று துணிதல் எவ்வாறு? தமிழில் அளவை நூலார் வகுத்த நெறி ஈண்டுப் பெரிதும் பயன்படும். சிவஞான சித்தியாரின் சுபக்கம் அளவையை முன்வைத்தே பொருளாராய்ச்சியுட் புகுகின்றது. காண்டல், கருதல், உரை என்பன அங்குத் தலைமையான அளவைகள். கமராவைத் திருத்தப் புகுவோர் பலர், உரையளவை ஒன்றையே கைக்கொள்கின்றனர். ஒருவர் வடத்தை மாற்றென்பார். மற்றொருவர் மென்பொருளை மாற்றென்பார். இரண்டும் ஒருங்கே மாற்றப்படும். கமரா இயங்கினால் எதனால் இயங்கிற்றென்பது தெரியாது. மீண்டும் நின்றால் எங்கே தொடங்குவதென்பதும் தெரியாது. காகம் உட்காரப் பனம்பழம் விழுந்தாற்போல, இறுதியிற் செய்த செயலே காரணமெனக் கொள்ளப்படும்.

அளவை நூலார் அன்னுவயம், வெதிரேகம் என இருவகைத் தொடர்பைக் கூறுவர். ஒன்று உள்ளவிடத்து மற்றொன்று உண்டாதல் அன்னுவயம். இல்லாதவிடத்து இல்லையாதல் வெதிரேகம். இரண்டும் ஒருங்கே காணப்பட்டாலன்றிக் காரணம் துணியப்படாது. நீட்டிப்பு வடத்தை நீக்கியபின் துண்டிப்பு நின்றதாயின், ஆராய்ச்சி பாதியே முடிந்தது. அதே வடத்தை மீண்டும் பொருத்தித் துண்டிப்பு மீளுகின்றதா என்று காண்டல் வேண்டும். மீண்டால் வடமே காரணம். மீளாவிடின், பொருத்துங்கால் மாசு உரிந்ததே காரணமாயிருத்தல் கூடும்.

ஒருமுறைக்கு ஒன்றையே மாற்றுதல் இந்நெறியின் உயிர்நிலை. முதலிற் கிளைப்பெட்டியையும் நீட்டிப்பு வடத்தையும் ஒவ்வொன்றாக நீக்கிக் கமராவை நேரே கணினியிற் செருகுக. அடுத்துக் குதையை மாற்றுக. அதன்பின் தகடுகளைத் தூய்மை செய்க. அதன்பின்னரே சிக்கன ஏற்பாட்டை நிறுத்துக. பணச்செலவு இல்லாதனவும் எளிதில் மீட்கத்தக்கனவுமாகிய மாற்றங்கள் முற்பட வரல் வேண்டும்.

இவற்றாலும் தீராவிடின், இரண்டு கமராக்களையும் இரண்டு கணினிகளையும் கொண்டு நான்கு சேர்க்கைகளைச் சோதிக்கலாம். குறை கமராவைத் தொடர்ந்து சென்றால் அது கமராவிலோ அதனோடு பிரிக்கலாகாது அமைந்த வடத்திலோ உள்ளது. கணினியோடு தங்கினாற் கணினியின் குதையில், மின்வழங்கலில் அல்லது மென்பொருளில் உள்ளது. ஒரே ஒரு சேர்க்கையில் மட்டும் தோன்றினால், தனித்தனியே இரண்டும் நல்லன. அவற்றின் பொருத்தமே குறையுடையது.

இவ்வாராய்ச்சிக்கு ஒரு குறிப்பேடு இன்றியமையாதது. துண்டிப்பு நேர்ந்த நேரம், அப்பொழுது செய்த செயல், வானிலை, கணினி மின்கலத்தில் இயங்கிற்றா என்பன எழுதப்படல் வேண்டும். வடத்தைத் தொடும்போது நேர்வது தொடுகைக் குறை. படத்தின் அளவைப் பெருக்கும்போது நேர்வது பெரும்பாலும் மின்வலுக் குறை. கமராவைச் சிறிது நேரம் பயன்படுத்தாது விட்டபின் நேர்வது துயில்நிலைக் குறை. மழைநாளில் மிகுவது ஈரத்தின் குறை. இவை துணிபுகளல்ல; முதலிற் சோதிக்கத்தக்க கருதல்களாம்.

தேறியதென்று துணிதல்

இடைவிட்டு வரும் குறையில் மற்றொரு மயக்கமும் உண்டு. திருத்தியபின் எவ்வளவு நேரம் துண்டிப்பு நேராதிருந்தால் குறை தீர்ந்ததெனக் கொள்ளலாம்? சராசரியாக 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஒழுங்கின்றித் தொடர்பறும் கமராவொன்றை எடுத்துக்கொள்க. எதையுந் திருத்தாமலே அது 20 நிமிடம் தொடர்பறாதிருத்தற்கு நிகழ்தகவு 37 வீதமாகும். அஃதாவது, பயனற்ற மாற்றமொன்றைச் செய்து 20 நிமிடம் காத்திருப்போருள் மூவரில் ஒருவருக்கு மேற்பட்டோர் தாம் வென்றதாக எண்ணி மகிழ்வர். 40 நிமிடம் காத்திருந்தால் அந்நிகழ்தகவு ஏறத்தாழ 14 வீதமாகக் குறையும். 60 நிமிடத்தில் 5 வீதமாகும். ஆகவே சராசரி இடைவெளியின் மும்மடங்கு நேரமாவது காத்திருந்தபின்னரே குறை தீர்ந்ததெனக் கூறுதல் தகும். முதலிற் குறிப்பேடு எழுதாதவர் அச்சராசரியையே அறியாராகலின், எவ்வளவு காத்திருப்பதென்பதையும் அறியார்.

இவ்வளவுஞ் செய்தபின், குறை கமராவினுள்ளேயே இருப்பதாகத் தெரிதலும் உண்டு. அப்பொழுது புதியது வாங்குதல் வீண்செலவாகாது. வேண்டப்படுவது கமராவைக் காத்தல் மட்டுமன்று; காரணமின்றி எறிதலையும் காரணமின்றி வாங்குதலையும் ஒருங்கே தவிர்த்தலாகும்.

பாடசாலைகளில் விஞ்ஞான ஆய்வுகூடம் போதாதென்னும் குறை நெடுங்காலமாகக் கூறப்படுகின்றது. அக்குறை உண்மையானதே. ஆயினும் ஓமின் விதி, உப்பின் ஈரங்கொள்ளுந் தன்மை, உலோகத்தின் அரிப்பு, நிகழ்தகவு, அளவையின் அன்னுவய வெதிரேகம் ஆகிய ஐந்தும், தொடர்பறும் ஒரு கமராவினிடத்து ஒருங்கே காணக்கிடக்கின்றன. உயர்தர வகுப்பு மாணவரிடம் ஒரு குறிப்பேட்டையும் வோல்ற்றளவைமானியையும் கொடுத்து, இக்குறையை ஆராயுமாறு விடுதல் சிறந்த செய்முறைப் பாடமாகும். காரைதீவிற் பிறந்து, இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டம் பெற்று, 1947இல் வெளிவந்த யாழ் நூலிற் பழந்தமிழிசையை எண்ணும் அளவுங் கொண்டு ஆராய்ந்த விபுலானந்த அடிகளின் மண்ணில், தமிழ் கற்றலும் பௌதிகம் கற்றலும் வேறுவேறு வழியாதல் வேண்டியதில்லை.

மறுகரையில் வகுப்புக்குக் காத்திருக்கும் மாணவனுக்கு வேண்டுவது விலையுயர்ந்த கமரா அன்று; அறாத தொடர்பு. அதனை அளித்தற்குப் பெரும்பாலும் ஒரு குறுகிய தடித்த வடமும், தூய செருகியும், ஒருமுறைக்கு ஒன்றையே மாற்றும் பொறுமையும் போதும். அவற்றுள் முன்னிரண்டும் கடையிற் கிடைப்பன. மூன்றாவது பாடசாலையிலேயே பயிலப்பட வேண்டியது.